பணியிடப் பசுமை நடத்தை: வன்னிப் பெருநிலம்

பணியிடப் பசுமை நடத்தை என்பது, ஊழியர்கள் தம் வேலைத்தலத்தில் சுற்றாடலைப் பேணும் வகையில் நடந்துகொள்வதைக் குறிக்கும். மின்சாரத்தையும் நீரையும் சிக்கனமாகப் பயன்படுத்துதல், கழிவைத் தரம்பிரித்தல், தீங்கான நடைமுறைகளை மேலாளருக்குச் சுட்டிக்காட்டுதல் ஆகியன இதில் அடங்கும். சுற்றாடல் விழிப்புணர்வு இந்நடத்தைக்கு அடிப்படை. ஆனால் அது மட்டும் போதாது.

வகைப்பாடு

டெனிஸ் ஓன்ஸ், ஸ்டீபன் டில்சர்ட் ஆகிய உளவியலாளர்கள் 2012 இல் இந்நடத்தையை ஐந்தாக வகுத்தனர்: வேலைமுறையை மாற்றியமைத்தல், தீங்கைத் தவிர்த்தல், வளங்காத்தல், பிறரைத் தூண்டுதல், முன்முயற்சி எடுத்தல். கடமையாகச் செய்வது, விரும்பிச் செய்வது என்ற பிரிவும் உண்டு. ஆய்வுகூடக் கழிவை விதிப்படி அகற்றுவது கடமை. ஆளில்லாத அறையின் மின்விசிறியை எவரும் சொல்லாமலே நிறுத்துவது விருப்பம். கடமையை விதியும் மேற்பார்வையும் தாங்குகின்றன. விருப்பமோ ஊழியரின் அறிவையும் மனப்பாங்கையும் பெரிதும் சார்ந்தது.

விழிப்புணர்வு செயலாகும் விதம்

உளவியலாளர் ஐசெக் அய்சன் 1991 இல் விரித்துரைத்த திட்டமிட்ட நடத்தைக் கோட்பாட்டின்படி, மனப்பாங்கு, சுற்றியிருப்போரின் எதிர்பார்ப்பு, செய்ய முடியும் என்ற நம்பிக்கை ஆகிய மூன்றும் சேர்ந்தே ஒரு செயலுக்கான எண்ணத்தை உருவாக்குகின்றன. இலங்கையில் ஓபாத, அன்ரன் அருள்ராஜா ஆகிய ஆய்வாளர்கள் 2014 இல் வெளியிட்ட கட்டுரை, ஊழியரிடம் வேண்டப்படுவனவாகப் பசுமைத் தகைமை, மனப்பாங்கு, நடத்தை, பெறுபேறு ஆகிய நான்கையும் முன்வைத்தது.

வன்னிப் பின்னணி

இலங்கையின் வடக்கே வன்னிப் பெருநிலத்தில் உள்ள கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்கள் வடகீழ்ப் பருவமழையை நம்பிய உலர் வலயத்தில் உள்ளன. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம் முதலியன இங்குள்ள பெருங்குளங்கள். சிறுபோகத்துக்கு முன், குளத்து நீர்மட்டத்தைப் பார்த்து எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதை அதிகாரிகளும் விவசாய அமைப்புகளும் கூடித் தீர்மானிப்பது வழக்கம். நீர் பற்றிய அறிவு இங்கே அனைவரையும் கட்டுப்படுத்தும் முடிவாகிறது.

2009 இல் போர் முடிந்தபின் வேறு வகை வேலைத்தலங்கள் பெருகின. கிளிநொச்சியில் மாஸ் நிறுவனத்தின் ‘வானவில்’, ‘விடியல்’ ஆடைத் தொழிற்சாலைகளும், வவுனியாவில் ஒமேகா லைன் தொழிற்சாலையும் இயங்கத் தொடங்கின. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் கிளிநொச்சி அறிவியல்நகரில் அமைந்தன. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் 1 இல் தனிப் பல்கலைக்கழகமானது. வயலில் நீர் வீணானால் இழப்பு விதைத்தவருக்கே. தொழிற்சாலையிலோ மின்பட்டியல் ஊழியரின் கைக்கு வருவதில்லை. இலக்கையும் வேலை நேரத்தையும் நிர்வாகமே வகுக்கிறது. ஆகவே, அறிந்ததைச் செய்ய ஊழியருக்கு வசதியும், முடிவெடுக்கும் இடமும், மேற்பார்வையாளரின் முன்மாதிரியும் வேண்டும்.

நிறுவன ஏற்பாடுகளும் சட்டமும்

வன்னிக்கு வெளியே, 2008 இல் பிராண்டிக்ஸ் ஆடை நிறுவனம் சீதுவையிலும், மாஸ் நிறுவனம் துல்ஹிரியவிலும் பசுமைத் தொழிற்சாலைகளைத் தொடங்கின. பகல் வெளிச்சத்தைப் பயன்படுத்தும் இத்தகைய கட்டடங்களில் சிக்கனம் தனியொருவரின் நினைவாற்றலை மட்டும் நம்பியிருப்பதில்லை.

1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், 1981 இல் மத்திய சுற்றாடல் அதிகாரசபை அமைந்தது. 2017 செப்டெம்பரில் ‘லஞ்ச் சீட்’ எனப்படும், சோறு சுற்றும் பொலித்தீன் தாள் தடைசெய்யப்பட்டது. சோற்றுப் பார்சல் வாங்கும் ஊழியருக்குப் பொதி தெரிவுசெய்யும் வாய்ப்புக் குறைவு என்பதால், இத்தகைய விதிகள் அறிவுரை எட்டாத இடத்தையும் எட்டக்கூடியவை.

அளவீடு

இத்துறை ஆய்வுகள் பெரும்பாலும் வினாக்கொத்தையே பயன்படுத்துகின்றன. அதில் ஊழியர் தம்மை உயர்த்திக் காட்டக்கூடும். மின்மானி வாசிப்பு, நீர்ப் பாவனை, தரம்பிரித்த கழிவின் நிறை ஆகியவற்றுடன் ஒப்பிடும்போதே விழிப்புணர்வு எந்தளவு செயலானது என்பது தெளிவாகும்.