ஒழுங்கை நிரம்பிய வெள்ளம்

1983 டிசம்பரில் மைக் மூஸ், அமெரிக்க இராணுவ ஆய்வுகூடமொன்றில் இருந்தபடி 'பிங்' என்ற சின்ன நிரலை எழுதினார். "இருக்கிறியா?" எண்டு ஒரு கணினியைக் கேட்கும், "இருக்கிறன்" எண்டு பதில் வரும். அவ்வளவுதான். இணையம் இழுபட்டால் நாங்களும் முதலில் தட்டிப் பார்ப்பது அதைத்தான்.

1997இல் இந்தச் சுகவிசாரிப்பே ஆயுதமானது. 'ஸ்மேர்ஃப்' என்ற நிரல், அனுப்புநர் இடத்தில் இலக்கின் விலாசத்தைப் பொய்யாக எழுதி, வேறொரு வலையமைப்பின் பொது விலாசத்துக்கு ஒரு பிங் அனுப்பும். அங்கே நூறு கணினி இருந்தால், நூறும் அந்த அப்பாவிக்குப் பதில் போடும்.

அடிவாங்கியவர் தன் ரவுட்டரில் பிங்கை மறித்தால் உள்ளேயிருக்கும் கணினி களைக்காது, உண்மைதான். ஆனால் வெள்ளம் படலைக்கு வரமுதலே ஒழுங்கை நிரம்பிவிடும். மறிக்கவேண்டியது மற்றவர்களின் ரவுட்டரில்: வெளியிலிருந்து பொது விலாசத்துக்கு வரும் பொதியை உள்ளே விடாதே என்று. சிஸ்கோவில் அது ஒரேயொரு வரிக் கட்டளை.

அதற்கு ஏன் இவ்வளவு இழுபறி? 1995இன் இணைய விதி, அப்படியான பொதிகளை வழமையாகவே உள்ளே விடச் சொன்னது. 1999 ஓகஸ்டில்தான் ஆர்.எஃப்.சி. 2644 என்ற ஆவணம் அதைத் தலைகீழாக்கியது. கதவைத் திறந்து வைத்திருந்தவருக்குப் பெரிதாக நோகவில்லை; அதுதான் அவசரமும் இல்லை எண்டு நாங்கள் நினைக்கிறோம்.

பொய் விலாசத்தை அனுப்புபவரின் வாசலிலேயே மறிக்கச் சொல்லும் பரிந்துரை 2000இல் நிலைபெற்றது. அதை இன்னமும் நடைமுறைப்படுத்தாத வலையமைப்புகள் இருக்கின்றன.