துண்டும் தகரமும்: ஊவாத் தோட்டங்களின் முகவரி வரலாறு

பெரியதோர் இணையத்தளத்தை இடம் மாற்றுகின்றவர்கள் முதலில் செய்யவேண்டியது மிகவும் சலிப்பூட்டும் ஒரு வேலை. பழைய தளத்தில் இருந்த ஒவ்வொரு பக்கத்தின் முகவரியையும் ஒரு நிரலில் எழுதி, புதிய தளத்தில் அப்பக்கம் குடியேறப்போகும் முகவரியை அதற்கு நேரே எழுதவேண்டும். பத்தாயிரம் பக்கங்கள் என்றால் பத்தாயிரம் வரிகள். பழைய முகவரியைத் தேடி வருகின்ற வாசகரிடம், “இது நிரந்தரமாக இடம் மாறிவிட்டது, இங்கே செல்லுங்கள்” என்று தளம் சொல்லவேண்டும். கணினித் துறையில் அதற்கு 301 என்று இலக்கம் இட்டிருக்கிறார்கள். தற்காலிக மாற்றத்துக்கு 302. எதையும் எழுதிவைக்காவிட்டால் வாசகர் காண்பது 404. அப்படியொரு பக்கமே இல்லை என்பது அதன் பொருள்.

பத்திரிகைத் தொழிலில் இருந்தவர்களுக்கு இந்த 404 நன்கு பழக்கமானது. தளத்தைப் புதுப்பித்த அவசரத்தில் அட்டவணை எழுதப்படாமையால், உழைத்து எழுதிய பல செய்திகள் முகவரியற்றுப் போயின. சிலர் இன்னொரு தவற்றைச் செய்வர். எல்லாப் பழைய முகவரிகளையும் ஒட்டுமொத்தமாகப் புதிய தளத்தின் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவர். வாசகர் வாசல்வரை வந்துவிடுவார். தேடி வந்த பொருள் மட்டும் கிடைக்காது.

இந்த இலக்கங்கள் தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, ஊவாவின் தோட்டங்களில் மனிதர்கள் இவ்வாறு இடம் மாற்றப்பட்டார்கள். அவர்களுக்கும் அட்டவணைகள் இருந்தன. அவற்றை யார் எழுதினார்கள், யாருக்காக எழுதினார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஊவா 1886 ஆம் ஆண்டில் தனி மாகாணமாயிற்று. அதற்கு முன்பே பதுளை, பசறை, மடூல்சீமை, ஹப்புத்தளை மலைகளில் கோப்பி பரவியிருந்தது. இலங்கைக் கோப்பியை அழித்த இலைநோய் 1869 இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதும் மடூல்சீமையிலேதான். கோப்பி அழிந்து தேயிலை வந்தது. கோப்பி பருவகாலப் பயிர். அறுவடை முடிந்ததும் பெரும்பாலோர் தமிழகம் திரும்பினர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக வந்து லயத்துக் காம்பிராக்களில் நிலைகொண்டனர்.

அவர்கள் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்கு வழிவகுத்தது ‘துண்டு’ என்னும் சீட்டு. தன் ஆட்கூட்டத்துடன் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பும் கங்காணிக்குத் தோட்டத்துரை அதனை எழுதிக் கொடுப்பார். இவ்வளவு கடனைத் தீர்த்தால் இந்த ஆட்களை விடுவிக்கத் தடையில்லை என்பது அதன் சாரம். புதிய தோட்டம் அந்தத் தொகையைச் செலுத்தி ஆட்களை ஏற்றுக்கொள்ளும். அந்தக் கடன் ஆட்களின் தலையில் அப்படியே தொடரும். இச்சொல் ஆங்கிலத் துரைமார்களின் பேச்சிலும் அரச அறிக்கைகளிலும் தமிழ் உருவத்திலேயே புழங்கிற்று. துண்டு முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

மற்றொன்று தகரம். தென்னிந்தியாவில் திரட்டப்படும் ஒவ்வொருவருக்கும் ஒரு தகரவில்லை கொடுக்கும் முறை 1901 இல் புகுத்தப்பட்டது. தோட்டத்துக்குரிய பதிவு அடையாளமும் ஆளுக்குரிய இலக்கமும் அதிலே பொறிக்கப்பட்டிருக்கும். அதை அணிந்திருப்பவர் எழுதப் படிக்கத் தெரியாதவராக இருக்கலாம்; தாம் போகும் தோட்டத்தின் ஆங்கிலப் பெயரை உச்சரிக்கவும் இயலாதவராக இருக்கலாம். முகாமிலும் கப்பலிலும் ரயிலிலும் அந்த வில்லையைப் பார்த்தே அவரை அடுத்த இடத்துக்கு அனுப்பினர். வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது. ரயில் பாதை 1894 இல் பண்டாரவளையை எட்டிவிட்டபோதும், பதுளை நகருக்கு வந்து சேர்ந்தது 1924 இலேதான். எஞ்சிய வழியை நடந்தே கடந்தவர்களின் தகரமும் சரியான தோட்டத்தைக் காட்டிற்று.

ஆக, நேர்த்தியான அட்டவணைகள் இருக்கத்தான் செய்தன. ஆனால் துண்டு கடனுக்கு வழிகாட்டிற்று. தகரம் உழைப்புக்கு வழிகாட்டிற்று. இந்த மனிதர் முன்பு இன்ன தோட்டத்தில் இருந்தவர், இப்போது இங்கே இருக்கிறார் என்று அந்த மனிதருக்காகவே எழுதிய அட்டவணை ஒன்றும் இருக்கவில்லை. அதன் விலை 1948 க்குப் பின்னரே தெரியவந்தது.

1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் வாக்களித்த தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர், 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். மறுவருடம் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் ஒரு சிறு வாசலைத் திறந்துவைத்தது. 1946 ஜனவரி 1 ஆம் திகதிக்கு முன்னர் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இந்நாட்டில் தொடர்ச்சியாக வாழ்ந்தமையை நிரூபிக்கவேண்டும். ஒரே தோட்டத்தில் பிறந்து வளர்ந்து உழைத்தவருக்குச் செக்ரோல் எனப்பட்ட பெயரேடு சான்றாகலாம். பசறையில் மூன்றாண்டு, ஹாலிஎலயில் இரண்டாண்டு, பண்டாரவளையில் இரண்டாண்டு என வாழ்ந்தவரோ மூன்று தோட்டங்களின் ஏடுகளைத் தேடவேண்டும். ஓர் ஏட்டில் ‘முத்துசாமி’ என்றும் மற்றதில் ‘முத்தன்’ என்றும் எழுதப்பட்டிருந்தால் இருவரும் ஒருவரே என்று காட்டுவது எங்ஙனம்? சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் ‘தொடர்ச்சி’ அறுந்ததாகிவிடும்.

ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. அவற்றில் அடங்கியவர்கள் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். குடியுரிமை கிடைத்தவர்களோ ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே. நிராகரிப்புக்கு அரசியலே அடிப்படைக் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த அரசியல் தனக்கு வாய்ப்பாகப் பயன்படுத்திக்கொண்டது, முகவரிகளுக்கிடையே தொடர்பு எழுதப்படாத அந்த வெற்றிடத்தையே.

பின்னர் 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என எண்ணிக்கை பிரிக்கப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. ஊவாவிலிருந்து சென்றவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கினர். தாயகம் திரும்பியோருக்காகத் தமிழக அரசு 1968 இல் நீலகிரியில் தேயிலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருந்தது. சிலருக்கு அங்கே வேலை கிடைத்தது. மற்றவர்கள் பல திசைகளில் சிதறினர். அண்ணன் கூடலூரில், தம்பி பதுளையில் என்று குடும்பங்கள் பிரிந்தன. போனவர் பெயருக்குப் பழைய தோட்டத்து முகவரியில் கடிதம் வந்தால், அவர் சென்ற இடத்தை அறிந்தவர் பக்கத்துக் காம்பிராக்காரர் மட்டுமே. அவரும் கப்பலேறிய பின்னர் அந்த வழியும் அடைபட்டது.

தோட்டங்களின் உரிமையும் கைமாறிக்கொண்டிருந்தது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் அவற்றை அரசுடைமையாக்கின. 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் நிர்வாகத்தை ஏற்றன. பெயர்ப்பலகைகள் மாறின, லயத்தின் முகவரி மாறவில்லை. மாறுவதற்கு அங்கே முகவரி என்று ஒன்று இருந்தால்தானே! பெயர், பிரிவு, தோட்டம், தபாலகம் என்று எழுதினால் கடிதம் தோட்டத்துக் காரியாலயத்துக்குப் போகும். நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு அது ஒன்றே வாசல். எல்லாப் பழைய பக்கங்களையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடும் அதே வேலைதான் இது. அங்கிருந்து காம்பிராவுக்குக் கடிதம் எப்போது போகும் என்பது கொண்டுசெல்பவரைப் பொறுத்தது. நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு, தேர்வு நாள் கழிந்தபின் கையில் கிடைத்த இளைஞர்களின் கதை மலையகத்தில் புதிதன்று.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தும், மக்களைக் குடியேற்ற மாற்றிடம் ஆயத்தமாக இருக்கவில்லை. மனிதரோடு பிறப்புச் சான்றிதழ்களும் அடையாள அட்டைகளும் புதைந்தன. தப்பியவர்களுக்காகப் பூனாகலைப் பகுதியின் மாகல்தெனியவில் கட்டப்பட்ட 75 வீடுகள் 2016 இல் கையளிக்கப்பட்டன. இரண்டாண்டுக் காலம் அவர்களது முகவரி தற்காலிகமானது. இணைய மொழியில் சொன்னால், 302 இலேயே இரண்டு ஆண்டுகள்.

இப்போது மாற்றம் வேறு திசையில் நிகழ்கிறது. லயங்களுக்குப் பதிலாகத் தனிவீடுகளும் புதிய கிராமங்களும் எழுகின்றன. தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் சேவையாற்றத் தடையாயிருந்த 1987 ஆம் ஆண்டுச் சட்டம் 2018 இல் திருத்தப்பட்டது. தெருவுக்குப் பெயரும் வீட்டுக்கு இலக்கமும் வேண்டும் என்னும் கோரிக்கை மிகவும் நியாயமானது. அது முழுமையாக நிறைவேறவேண்டும்.

அதே வேளையில் ஒரு வேண்டுகோள். புதிய வீட்டுக்குப் புதிய முகவரி எழுதும் அதிகாரி, பதிவேட்டில் இன்னொரு நிரலையும் சேர்க்கட்டும். பழைய தோட்டம், பழைய பிரிவு, லயத்தின் இலக்கம், மக்கள் வழங்கிய தமிழ்ப் பெயர் ஆகியவை அதில் இடம்பெறட்டும். பிறப்புச் சான்றிதழிலும் பாடசாலை ஏட்டிலும் சேமலாபநிதிக் கோவையிலும் இருப்பது அந்தப் பழைய பெயரே. நாளை ஒரு பேரன் உரிமை கோரிச் செல்லும்போது, தாத்தாவின் லயத்துக்கும் தன் வீட்டுக்கும் உள்ள தொடர்பை அவன் காட்டவேண்டியிருக்கும்.

இணையத்தள நிபுணர்கள் பழைய முகவரிகளிலிருந்து வழிகாட்டுதலைக் குறைந்தது ஓராண்டேனும் வைத்திருக்கச் சொல்கிறார்கள். மனிதர்களின் விடயத்தில் ஓராண்டு போதாது. 1946 க்கு முந்திய வதிவிடத்தை நிரூபிக்க முடியாமற் போனவர்களின் பிள்ளைகளில் எஞ்சியோருக்குக் குடியுரிமைச் சட்டம் வந்தது 2003 இலேதான். ஒரு முகவரிக்கு அவ்வளவு நீண்ட ஆயுள் உண்டு.