புகைக்குள் புகுந்த புதினா

மருந்துக்கடைக்காரன் என்பதால் மென்தாலின் மாயம் எனக்குத் தெரியும். குளிரை உணரும் நரம்பைத் தட்டிவிடும், அவ்வளவுதான். உண்மையில் எதுவும் குளிர்வதில்லை. தைலத்தில் இருக்க வேண்டிய இதைச் சிகரெட்டில் ஏற்றியவர் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து லாயிட் ஹியூஸ். 1925-இல் காப்புரிமை வாங்கினார். அவருடைய 'ஸ்பட்' சிகரெட்டுக்குப் பின்னால் 1933-இல் 'கூல்' வந்தது. தொண்டைக்கு இதம் என்று விளம்பரம் வேறு! 1956-இல் 'சேலம்'. நம்ம மாம்பழச் சேலம் இல்லை, வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம். அடுத்த வருஷமே 'நியூபோர்ட்'.

முதல் இழுப்பில் இருமிக் கண்ணீர்விட்டு, 'போதும்டா சாமி' என்று பையன் தூக்கியெறிய வேண்டும். அந்த எரிச்சலைத்தான் மென்தால் மரத்துப்போகச் செய்கிறது. நியூபோர்ட்டைத் தயாரித்த லோரிலார்டுக்கு இது நன்றாகவே தெரியும். தங்கள் வியாபாரத்தின் அடித்தளமே உயர்நிலைப்பள்ளி மாணவர்கள்தான் என்று அதன் 1978-ஆம் ஆண்டு உள்குறிப்பு ஒன்று சொல்கிறது.

2009-இல் அமெரிக்கச் சட்டம் பழவாசனை, கிராம்புவாசனைச் சிகரெட்டுகளை ஒழித்தது. மென்தாலை மட்டும் விட்டுவைத்தது. சிறுவர்களைக் காக்க வந்த சட்டமாம்! கனடா 2017-இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2020-இலும் தடைசெய்தன. அமெரிக்க அரசு 2022-இல் முன்மொழிந்த தடை 2025 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டது.