ஒதுக்கிய இடத்தில் கூடியவர்கள்

பழைய நாணயம் சேர்ப்பவர், கள்ளிச்செடி வளர்ப்பவர், நின்றுபோன கடிகாரத்தைப் பிரித்து மாட்டுபவர் என்று யாராக இருந்தாலும், தன்னைப் போல இன்னொரு பித்துப் பிடித்தவரை இன்று இணையத்தில் அரை மணி நேரத்தில் பிடித்துவிடலாம். இந்த ஏற்பாடு கணினியோடு பிறந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் அதன் பூர்வீகம் வானொலியில் இருக்கிறது. அதுவும், அரசாங்கம் உதவாது என்று தள்ளிவிட்ட அலைகளில்.

டைட்டானிக் மூழ்கிய 1912-இல் அமெரிக்கா ஒரு வானொலிச் சட்டம் போட்டது. நீண்ட அலைகள் கப்பலுக்கும் ராணுவத்துக்கும் போயின. பொழுதுபோக்குக்காரர்களுக்குக் கிடைத்தது 200 மீட்டரும் அதற்குக் குறைந்த அலைகளும். அவற்றால் தூரம் போக முடியாது என்பது அன்றைய நிபுணர்களின் தீர்ப்பு. 1914-இல் ஹார்ட்ஃபோர்டில் இருந்த ஹிராம் பெர்சி மாக்சிம் என்ற பொழுதுபோக்குக்காரர் ஒரு வானொலி வால்வு வாங்குவதற்காக ஸ்பிரிங்ஃபீல்டை வானொலியில் கூப்பிட்டார். முப்பது மைல்கூட இல்லை, எட்டவில்லை. நடுவழியில் இருந்த ஒரு நண்பர் செய்தியை வாங்கிக் கைமாற்றினார். இப்படியே கைமாற்றிக் கைமாற்றி நாடு முழுக்கப் பேசலாமே என்று அந்த வருடமே ஒரு சங்கம் தொடங்கிவிட்டார். 1923 நவம்பரில் அமெரிக்க, பிரெஞ்சுப் பொழுதுபோக்கு வானொலிக்காரர்கள் அட்லாண்டிக்கைத் தாண்டிப் பேசிக்கொண்டார்கள். உதவாத சிற்றலை வானத்தில் மோதித் திரும்பி உலகைச் சுற்றும் என்று தெரிந்ததும் கம்பெனிகள் அந்தப் பக்கம் ஓடிவந்தன.

இதற்கிடையில் லக்சம்பர்க்கிலிருந்து வந்த ஹியூகோ கெர்ன்ஸ்பேக், தபாலில் வானொலி உதிரிப் பாகங்கள் விற்றுக்கொண்டிருந்தார். ஆள் பெரிய வியாபாரி. 1926-இல் 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்ற அறிவியல் புனைகதை இதழைத் தொடங்கினார். வாசகர் கடிதங்களை முழு முகவரியோடு அச்சிட்டதுதான் அதில் விசேஷம். வாசகர்கள் ஆசிரியரை விட்டுவிட்டு ஒருவருக்கொருவர் எழுதத் தொடங்கினார்கள். 1930-லிருந்து சொந்தமாகச் சிறு இதழ்களைப் படியெடுத்துச் சுற்றுக்கு விட்டார்கள். க்ளீவ்லேண்டில் ஜெர்ரி சீகல், ஜோ ஷுஸ்டர் என்ற இரண்டு பையன்கள் நடத்திய அப்படியொரு இதழில்தான் 1933-இல் சூப்பர்மேன் தலைகாட்டினார். மொட்டைத் தலை வில்லனாக! நாயகனாக மாறி 1938-இல் வெளிவந்தபோது, அவருடைய உரிமை 130 டாலருக்குக் கைமாறியிருந்தது. பித்துக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு கெட்டிக்கார வியாபாரி நிற்பார்.

வானொலிக்கும் அச்சுக்கும் அடுத்து கணினியின் முறை. 1978 ஜனவரியில் சிகாகோவில் பனிப்புயல். ஐபிஎம் ஊழியர் வார்டு கிறிஸ்டென்சன் வீட்டை விட்டு நகர முடியவில்லை. கணினிச் சங்கத்தில் உறுப்பினர்கள் துண்டுச் சீட்டு குத்தி வைக்கும் அறிவிப்புப் பலகையைத் தொலைபேசி வழியே நடத்தினால் என்ன என்று நண்பர் ராண்டி சூஸிடம் கேட்டார். அவர் வன்பொருளைச் செய்ய, இவர் நிரலை எழுத, பிப்ரவரி 16 அன்று பலகை தயார். ஒரே தொலைபேசி இணைப்பு; ஒருவர் வைத்தால்தான் அடுத்தவர் நுழையலாம். எப்படிச் செய்தோம் என்பதை இருவரும் 'பைட்' இதழில் எழுதிவிட, ஊருக்கு ஊர் நகல்கள் முளைத்தன. 1980-இல் வட கரோலினா மாணவர்கள் உருவாக்கிய யூஸ்நெட்டில், கட்டணம் குறைந்த இரவு நேரத்தில் கணினிகள் ஒன்றையொன்று கூப்பிட்டு மடல்களைப் பரிமாறிக்கொண்டன.

தமிழர்களும் இந்த வழியில் வந்தவர்கள்தான். 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வேதியியலாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம், பழைய தமிழ் நூல்களை மின்வடிவில் தரும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். கணினிக்குக் கணினி எழுத்துரு மாறிய காலம் அது. நேரில் பார்த்தே இராத பல நாட்டுத் தமிழர்கள் வேலை முடிந்த நேரத்தில் பழைய நூல்களைத் தட்டச்சு செய்தார்கள், பிழை பார்த்தார்கள். சம்பளம் கிடையாது. பல்கலைக்கழகங்கள் செய்திருக்க வேண்டிய வேலை என்பது என் கட்சி.

வானியலிலும் இப்படித்தான். 2007-இல் 'கேலக்ஸி ஜூ' என்ற இணையத் திட்டம் பத்து லட்சம் விண்மீன் மண்டலப் படங்களைப் பொதுமக்களிடம் கொடுத்து வகை பிரிக்கச் சொன்னது. சிலர் கண்ணில் சின்னச் சின்னப் பச்சைப் புள்ளிகள் பட்டன. 'பட்டாணி' என்று பெயரிட்டு விளையாட்டாகச் சேர்த்தார்கள். அவை அசுர வேகத்தில் விண்மீன்களை உண்டாக்கும் புதிய வகை மண்டலங்கள் என்று 2009-இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி காட்டிய ஆதிகால மண்டலங்கள் சிலவற்றை, வானியலாளர்கள் இன்று இந்தப் பட்டாணிகளோடு ஒப்பிட்டுத்தான் படிக்கிறார்கள்.