வம்சத்தில் ஓடும் இதயக் கோளாறு: நீண்ட க்யூ.டி. நோய் கண்டறியப்பட்ட வரலாறு

1856ஆம் ஆண்டு, ஜெர்மனியின் லைப்சிக் நகரம். காது கேளாதோர் பள்ளியில் படித்த ஒரு சிறுமியை, ஏதோ சிறு குற்றத்துக்காகப் பள்ளித் தலைவர் முன் நிறுத்தினார்கள். பயத்தில் அப்படியே விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. பெற்றோரிடம் சொன்னபோது அவர்கள் அவ்வளவாக வியக்கவில்லையாம். இவளுக்கு முன்பே இரண்டு பிள்ளைகள், ஒன்று பயத்திலும் ஒன்று கோபத்திலும், இதே மாதிரி போயிருந்தன. மெய்ஸ்னர் என்ற மருத்துவர் இதை எழுதி வைத்தார். காரணம் தெரிய இன்னும் நூறு ஆண்டுக்கு மேல் ஆகும்.

நம்ம ஊர்ப்பக்கம் இதைப் பேய் அடிச்சது என்பார்கள். இல்லாவிட்டால் காக்கா வலிப்பு என்று கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார்கள். நம்மை மட்டும் குறை சொல்வதற்கில்லை. மேல்நாட்டு மருத்துவர்களே இந்நோயாளிகள் பலருக்கு வலிப்பு மாத்திரை கொடுத்து வந்திருக்கிறார்கள்.

இ.சி.ஜி. தாளில் தெரியும் மேடுபள்ளங்களுக்கு பி, க்யூ, ஆர், எஸ், டி என்று பெயரிட்டவர் ஹாலந்து நாட்டு ஐந்தோவன். 1924ல் நோபல் பரிசு பெற்றவர். க்யூ தொடங்கி டி முடியும்வரை உள்ள நேரத்தில்தான் இதயத்தின் கீழறைகள் துடித்து, அடுத்த துடிப்புக்குத் தயாராகின்றன. அடியேன் பாத்திர வியாபாரி, கடை பாஷையில் சொல்கிறேன்: தராசு முள் நடுவுக்கு வருமுன் அடுத்த சரக்கைப் போட்டால் நிறை தப்பும். க்யூ.டி. நீண்டுபோன இதயத்துக்கும் அந்தக் கதிதான். துடிப்பு தாறுமாறாகி, ஆள் மயங்கி விழுவார்.

1957ல் நார்வே நாட்டில் யெர்வெல், லாங்கே-நீல்சன் என்ற இருவர் ஒரு குடும்பத்தை விவரித்தார்கள். ஆறு பிள்ளைகளில் நால்வருக்குக் காது கேளாது, க்யூ.டி. நீளம். அந்நால்வரில் மூவர் 4, 5, 9 வயதுகளில் இறந்தார்கள். பிறகு 1963ல் இத்தாலியின் ரொமானோவும் 1964ல் அயர்லாந்தின் வார்டும், காது நன்றாகக் கேட்கும் குடும்பங்களிலும் இந்நோய் இருப்பதைக் காட்டினார்கள்.

மரபணுவைத் தேடிப் புறப்பட்டவர் அமெரிக்காவின் உட்டா மாநிலத்து மார்க் கீட்டிங். அங்குள்ள மார்மன் கிறிஸ்தவர்கள் வம்சாவளி எழுதுவதைச் சமயக் கடமையாகவே செய்கிறவர்கள். 1894லேயே அதற்கென்று ஒரு சங்கம் வைத்தார்கள். அம்மாநிலத்துப் பெரிய குடும்பம் ஒன்றின் ரத்தத்தை ஆராய்ந்துதான் கீட்டிங் குழுவினர் 1991ல், குறை 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்றார்கள். ஊர் தெரிந்தது, வீடு தெரியவில்லை! அந்த மரபணு கையில் கிடைக்க 1996 ஆயிற்று. அதற்குள் 1995லேயே, வேறு குடும்பங்களில் நோய் தரும் இன்னும் இரண்டு மரபணுக்களை அதே குழு பிடித்துவிட்டது.

அவற்றில் ஒன்றின் கதை ருசியானது. ஈதர் மயக்க மருந்து கொடுத்தால் காலை உதறி ஆடும் ஒருவகைப் பழ ஈயைப் பற்றி 1969ல் எழுதினார்கள். அக்கால கோ-கோ நடனத்தை நினைத்து அந்த மரபணுவுக்கு 'ஈதர்-அ-கோ-கோ' என்றே பெயர் வைத்தார்கள். மனிதனிடம் உள்ள அதன் உறவுக்கார மரபணு 'ஹெர்க்'. துடிப்பு முடிந்ததும் பொட்டாசியத்தை வெளியே விடும் வாசல் அது. அந்த வாசல் பழுதானால் க்யூ.டி. நீளும். ஈக்குக் கால் ஏன் உதறுது என்று பார்த்தவர்களுக்கு அப்போது இதெல்லாம் தெரியாது.

1997ல் பாரிஸ் ஆய்வாளர்கள் நார்வே நோயின் முடிச்சை அவிழ்த்தார்கள். கீட்டிங் 1996ல் கண்ட அதே மரபணு ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பழுதாய் வந்தால் இதயக் கோளாறு. தாய், தந்தை இருவழியிலும் வந்தால் செவியும் போகிறது, ஏனென்றால் உட்செவி நீருக்கும் அதே பொட்டாசிய வாசல் வேண்டும். மாமன் மகள், அத்தை மகன் என்று மணக்கும் நம்மவர்களுக்கு இது தூரதேசத்துச் சங்கதி இல்லை. சொந்தத்தில் மணந்தால் ஒரே பழுது இருபக்கமும் இருக்க வாய்ப்பு கூடும்.

இன்னொன்று. பழுது இருந்தும் இ.சி.ஜி. சரியாகவே தெரிகிறவர்கள் உண்டென்று 1992ல் உட்டா குடும்பங்களிலேயே தெரிந்தது. ஆகவே ஒருவருக்கு நோய் உறுதியானால் உடன்பிறந்தவர், பிள்ளைகள் எல்லோருக்கும் மரபணுச் சோதனையும் சேர்த்துச் செய்கிறார்கள். பழுதுள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர வாய்ப்பு சரிபாதி. இம்மலரைப் படிக்கும் அன்பர்கள் வீட்டில் அண்ணன் ஒரு மாநிலம், தங்கை ஒரு மாநிலம். சித்தப்பா மகன் இளவயதில் குளத்தில் போனது மாமா வீட்டுக்குத் தெரிந்திருக்குமா? வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.

குளத்தைச் சும்மா சொல்லவில்லை. இத்தாலியின் ஷ்வார்ட்ஸ் குழுவினர் 2001ல் வெளியிட்ட ஆய்வின்படி, முதல் வகையினருக்கு ஆபத்து ஓட்டத்திலும் நீச்சலிலும்; ஹெர்க் வகையினருக்குத் திடீர்ச் சத்தத்தில்; மூன்றாம் வகையினருக்குப் பெரும்பாலும் ஓய்விலும் உறக்கத்திலும். பீட்டா பிளாக்கர் மாத்திரை பலரைக் காக்கிறது. சிலருக்கு நெஞ்சில் கருவி பதிக்கிறார்கள். ஹெர்க் வகையினர் படுக்கையறையில் அலாரம் கடிகாரமோ தொலைபேசியோ வைக்கக்கூடாது என்பதும் மருத்துவர்கள் சொல்லும் யோசனை.