கட்டியா, உறைவா?

இருதயத்தினுள் தோன்றும் கட்டியைப் பற்றி முதன்முதலில் எழுதி வைத்தவர்களுள் ஒருவர் இத்தாலிய உடற்கூற்று அறிஞர் ரெயால்டோ கொலம்போ. அவரது நூல் வெளிவந்த ஆண்டு 1559. அதன்பின் ஏறக்குறைய நானூறு ஆண்டுகள், வைத்தியர்கள் அக்கட்டியைப் பெரும்பாலும் பிரேதப் பரிசோதனையின்போதுதான் கண்டார்கள்.

கண்டால் மட்டும் போதுமா? இடது மேலறையில் உருண்டையாக ஒன்று தென்படுகிறதென்று வைத்துக்கொள்வோம். அது மிக்ஸோமா என்னும் கட்டியாக இருக்கலாம். தேங்கிய இரத்தம் உறைந்து திரண்டதாகவும் இருக்கலாம். எதன் துணுக்கு சிதறி மூளையை அடைந்தாலும் பக்கவாதம் நேரும். சிகிச்சையோ வேறு. உறைவுக்குப் பெரும்பாலும் உறைதலைத் தடுக்கும் மருந்து, கட்டிக்குக் கத்தி. தவறாக அறிந்தால், திறக்க வேண்டாத மார்பைத் திறக்க நேரும். அல்லது அறுத்தெடுக்க வேண்டியதை உள்ளேயே வளரவிட நேரும்.

1952-இல் அமெரிக்க வைத்தியர்கள் இரத்தத்தில் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்து, உயிரோடிருந்த ஒருவரின் இடது மேலறையில் மிக்ஸோமாவைக் கண்டறிந்தனர், நோயாளி பிழைக்கவில்லை. 1954-இல் ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட், இருதய நுரையீரல் இயந்திரத்தின் துணையுடன் அத்தகைய கட்டியொன்றை வெற்றியுடன் அகற்றினார். ஆயினும் சாயம் காட்டியது ஒரு வெற்றிடத்தையே. அவ்விடத்தை அடைத்திருப்பது எது என்று அது சொல்லவில்லை.

வழி திறந்தது ஒலியினால். உலோகத்தின் உட்பழுதைக் கண்டறியும் கருவியை 1953-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் எட்லர், ஹெர்ட்ஸ் என்னும் இருவர் இருதயத்தை நோக்கித் திருப்பினர். 1959-இல் ஜெர்மனியின் எஃபர்ட், டோமானிக் இருவரும் மேலறைக் கட்டியையும் பெரிய உறைவையும் அம்முறையில் அறியலாமெனக் காட்டினர். இன்று நாம் எந்த மாநிலத்து ஆஸ்பத்திரிக்குச் சென்றாலும் கேட்கும் 'எக்கோ' என்ற சொல் இதுவே. எதிரொலி என்பதே அதன் பொருள்.

பின்னர் எதிரொலி அசையும் படமாயிற்று. மேலறைகளுக்கிடையேயுள்ள சுவரில் காம்பினால் தொங்கும் மிக்ஸோமா ஒவ்வொரு துடிப்பிலும் ஊசலாடி வால்வை நோக்கிச் சரிவதைக் காண முடிந்தது. உறைவோ இரத்தம் தேங்கும் மூலையில், பெரும்பாலும் மேலறையின் செவி போன்ற மடிப்பில், ஒட்டிக் கிடக்கும். வாதசுரத்தால் வால்வு சுருங்கியோர் மிகுந்த நம் நாட்டில் இவ்வேறுபாடு பெரிதும் வேண்டப்பட்டது. சுருங்கிய வால்வு உறைவை விளைவிக்கும். வால்வை மறைக்கும் கட்டியோ, சுருங்கிய வால்வைப் போலவே வேடமிடும்.

எம்.ஆர்.ஐ. வந்தபின் கேள்வியே மாறியது. கட்டிக்கு இரத்தக் குழாய்கள் உண்டு. ஆகவே கடோலினியம் கலந்த மருந்தை ஏற்று ஒளிரும். உறைவுக்கு அவை இல்லை, இருண்டே கிடக்கும். எனினும் நாட்பட்ட உறைவினுள் சிறு குழாய்கள் முளைப்பதுண்டு, மிக்ஸோமாவின்மேல் உறைவு படிவதும் உண்டு. அப்போது அறுத்தெடுத்த துண்டை நுண்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தே ஐயம் தீர்க்கிறார்கள்.