வட சென்னையின் நெடுந்தூரப் புறாப் பந்தயம்

ராயபுரம், வியாசர்பாடி முதலிய வட சென்னைப் பகுதிகளின் மொட்டை மாடிகளில் பந்தயப் புறா வளர்க்கும் வழக்கம் நெடுநாளாக உள்ளது. இங்கு வளர்க்கப்படும் ஹோமர் இனம் 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தில் உருவானது. பந்தய முறையும் அங்கிருந்தே பரவியது. காலில் வளையமிட்ட புறாக்களைக் கூடைகளில் அடைத்து, வடக்கே கொண்டுசென்று ஒரே நேரத்தில் திறந்துவிடுவர். கூண்டுகள் வெவ்வேறு தொலைவில் இருப்பதால், முதலில் வந்த புறா அல்ல, சராசரி வேகம் மிகுந்த புறாவே வெல்லும்.

விஜயவாடாவிலிருந்து சென்னை நேர்கோட்டில் ஏறத்தாழ 380 கி.மீ. வானிலை நன்றாக இருந்தால் நல்ல புறா அன்றே கூடு சேரும். நாக்பூரோ சுமார் 900 கி.மீ. புறா பொதுவாக இரவில் பறப்பதில்லை என்பதால் வழியில் எங்காவது தங்கி, இரையும் நீரும் தானே தேட வேண்டும். வல்லூறுக்கும் மின்கம்பிக்கும் பல புறாக்கள் பலியாகின்றன.

அலாஸ்காவில் 1973 முதல் நடக்கும் இடிடராட் பனிச்சறுக்கு வண்டிப் பந்தயத்தில், நாய்களுடன் ஓட்டுநரும் செல்கிறார். எங்கே ஓய்வு, எவ்வளவு உணவு என்பதை வழியிலேயே முடிவு செய்யலாம். புறா வளர்ப்பவரின் உத்தியோ கூடை மூடும்போதே முடிந்துவிடுகிறது. குறுந்தொலைவுகளில் பழக்குவதும் தானியத்தை அளந்து கொடுப்பதும் அவற்றில் எளியவை. அடைகாக்கும் பருவத்தில் அனுப்புவது, பந்தயத்துக்கு முன் இணையைப் பிரித்துவைப்பது ஆகிய இரண்டும் சற்றுக் கொடியவை. பறவையின் பாசமே அங்கே விசையாகிறது. சில புறாக்கள் பல நாள் கழித்து, இறகு கிழிந்து வந்து சேர்வதுண்டு. அவற்றுக்குப் பரிசில்லை.